முழுப்பேரு

போயா லீவு. வாடகை வேனில் எட்டுப் பேர்,
மடியில் டிலுக்‌ஷன், ஒன்பதாவது ஆள்.
அப்புத்தளை வளைவில் அண்ணி நிரோஷாவுக்கு வாந்தி.
எலுமிச்சங்காயை முகர்ந்தபடியே இறங்கினாள்
'பழைய தேயிலைத் தோட்டப் பூங்கா' வாசலில்.

உள்நாட்டாருக்கு முந்நூறு, வெளிநாட்டாருக்கு மூவாயிரம்.
பத்து வயசுக்குள்ளே என்றால் பாதி.
நூற்றைம்பதை மிச்சம் பிடிக்க
ஹம்சிகாவுக்கு இரண்டு வயசைக் குறைத்தார் வீட்டுக்காரர்.
'எனக்குப் பன்னெண்டு' என்றாள் அவள்
கவுண்டர் கண்ணாடியில் மூக்கை ஒட்டி.

உள்ளே ஒரு லயம்.
ஆறு காம்பரா, தகரக் கூரை, வெள்ளையடித்த இஸ்தோப்பு.
ஒழுக்கு மட்டும் இல்லை.
மூன்று மொழியில் பலகை. தமிழில்
'இவ்வாறு வாழ்ந்தார்கல்.'
பிழையைத் திருத்திச் சத்தமாய் வாசித்தவள்
திரும்பிக் கேட்டாள், 'யாரு வாழ்ந்தாங்க?'
அண்ணன் கூரையின் ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
நான் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன்.
காலையில் இதே மாதிரி ஒரு கதவில்
ஆமைப்பூட்டு மாட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்து
செருகிக்கொண்டு வந்த சாவி.

மூன்றாம் காம்பராவில் அடுப்பு எரிந்தது.
குறுக்கே கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம்
ஒரு பொம்பளை ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.
'எந்தத் தோட்டம்?' என்றேன், உதடு அசையாமல்.
'மேப்பிரிவு.' கண் மாவிலேயே.
'இங்க எப்படி?'
'மாசச் சம்பளம். மழைன்னாலும் உண்டு.
அட்டை கடிக்காது.'
சூப்பவைசரின் சப்பாத்துச் சத்தம் கேட்டதும்
முக்காட்டை இழுத்துவிட்டு
நூறு வருசம் பின்னால் போய்விட்டாள்.

கொழுந்து பறிக்கிற இடத்தில்
கூடைக்கும் படங்குக்கும் தனிக் காசு.
ஒரு வெள்ளைக்கார ஜோடி
இலை இலையாய்க் கிள்ளி, ஒவ்வொன்றுக்கும் கைதட்டியது.
'நீயும் நில்லு, போட்டோ எடுப்போம்' என்றான் அண்ணன்.
நிற்கத்தான் போனேன்.
கை கேட்கவில்லை.
முற்றலை விட்டு, வங்கியை உதறி
இரண்டும் அதுபாட்டுக்குப் போய்ப்போய் வந்தன.
போட்டோவில் முகம் தெளிவாய் விழுந்திருக்கிறது,
மணிக்கட்டுக்குக் கீழே வெறும் புகை.
காக்கிக் காற்சட்டைப் பையன் ஓடிவந்தான்,
'அக்கா, அக்கா, பின்னால பஸ்ல ஆளுங்க வாறாங்க,
அவங்களுக்கும் கொஞ்சம் விடுங்க!'

தராசில் மாட்டினான். மூன்றரைக் கிலோ.
'கழிவு போகவா?'
'என்ன கழிவு அக்கா?'
தண்ணிக்கு ரெண்டு, கூடைக்கு ஒன்று என்று
விரலை மடக்கிக் காட்டினேன்.
பாவம், சிரிக்கிறதா வேண்டாமா என்று தெரியவில்லை அவனுக்கு.
பூங்கா முழுக்கத் தேடியும்
அதற்கு ஒரு பலகை இல்லை.

'பேரு சொல்லுங்க' என்றான், பேனாவைத் திறந்து.
செக்ரோலில் நான் நூற்றிப் பதினேழு.
நம்பர்தான் முதலில் வாயில் வந்தது.
விழுங்கிவிட்டு, யோகலெட்சுமி என்றேன்.
தங்கக் கோடு போட்ட தடித்த அட்டையில்
'ஒருநாள் கொழுந்துக்காரி' என்று அச்சடித்திருந்ததற்குக் கீழே
கொம்பு கால் ஒன்றும் குறையாமல் எழுதிக் கொடுத்தான்.
வீட்டுக்காரர் வேன்வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்,
'இருவது கிலோவுக்கு ஒரு கிலோ குறைஞ்சாலும் அரைப்பேரு.
இன்னைக்கு மூணரைக்கே முழுப்பேரு விழுந்திருச்சே!'
நானும்தான் சிரித்தேன்.
டிலுக்‌ஷன் அட்டையின் ஒரு மூலையைச் சப்பித் தின்றான்.

வந்து பூட்டைத் திறக்க இருட்டிவிட்டது.
காம்பராவுக்குள் மாசிப் பனி, எங்களுக்கு முன்னாலேயே வந்து
பாயில் உட்கார்ந்திருந்தது.
தையில் பந்து பட்டு உடைந்த சன்னல் கண்ணாடிக்கு
அளவெடுத்த மாதிரி இருந்தது அந்த அட்டை.
சப்பின மூலையைக் கீழே வைத்து
நாலு ஆணி அடித்தார் வீட்டுக்காரர்.
காற்று நின்றது.
எழுத்துப் பக்கம் வெளியே.

விடிந்தால் ஏழு மணிக்குப் பெரட்டு.